இறக்கு என்றார், இறுக்கினேன்

குகதாசன் சேர் கழற்றிய ஸ்பார்க் பிளக் ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்திருந்தார். இடது கையில் பிளக். வலது கையில், மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்த அவருடைய கண்ணாடி. நான் காரின் பொனட்டுக்குள் தலையை விட்டு, ஸ்பேனரும் கையுமாகக் குனிந்திருந்தேன். ஒலிபெருக்கியில் யாரோ அடுத்த காரின் இலக்கத்தைச் சிங்களத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு கார் உறுமிக்கொண்டு நின்றது.

அப்போது சேர் என்னிடம் ஒரு சொல் சொன்னார்.

அந்தச் சொல்லுக்காக அவர் ஒன்றரை வருடம் உள்ளே இருந்தார். சரியாகச் சொல்லப்போனால், நான் கேட்டதாகச் சொன்ன சொல்லுக்காக.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் கராஜ் கதைகளை எழுதி வருகிறேன். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் நின்றுபோன கார், ஆட்டுக்குட்டியை டிக்கியில் மறந்துவிட்டுப் போன வியாபாரி என்று, சிரிக்கிற கதையாகப் பார்த்து எழுதினேன். பெரகலைக்குக் கீழே நடந்ததை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். ரேஸ் கார் வேலையெல்லாம் செய்தீர்களாமே, அதை ஏன் எழுதவில்லை என்று ஆசிரியர் போனில் கேட்டார். ஏதோ சாக்குச் சொன்னேன்.

உண்மை இதுதான். குகதாசன் சேர் உயிரோடு இருந்தவரைக்கும் எழுத வெட்கமாக இருந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்ட பிறகு, இனி எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கைவிட்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எழுதுவதால் மனம் லேசாகும் என்று சொல்பவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

துரையின் சிவப்பு மினி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் கராஜ் பண்டாரவளையில், மரக்கறி லொறிகள் வரிசை கட்டும் தெருவுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, சிமெந்துத் தரை, ஒரு பள்ளம். லொறிக்காரர்கள் கோவாவும் லீக்ஸும் இறக்கிவிட்டு நேரே என்னிடம் வருவார்கள். ஊரில் எல்லோருக்கும் நான் முத்தையா பாஸ். தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவனைப் ‘பாஸ்’ என்று கூப்பிட வைத்தது இந்த இரண்டு கைகளும் இரண்டு காதுகளும்தான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. குறிப்பாகக் காது. வாசலில் வண்டி நிற்கும்போதே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதைப் பற்றித்தான் இந்த வாரக் கதை.

ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் துரை, அதாவது மனேஜர், ஜயந்த. சிங்களவர், சின்ன வயது, நல்ல மனிதர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சத்தம் போடாத துரையை நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், அந்தச் சிவப்பு மினி. எஞ்சினின் தலையைச் சீவி அமுக்கத்தைக் கூட்டி, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு பூட்டி, பின் ஆசனத்தைப் பிடுங்கி எறிந்து, அதை ஒரு குட்டிப் பிசாசாக ஆக்கி வைத்திருந்தார்.

கொழும்பிலிருந்து ஒரு கழகத்தார் பெரகலைக்குக் கீழே ஒரு மலைப்பாதையில் பந்தயம் வைப்பதாக இருந்தார்கள். ஒவ்வொரு காராக ஏற வேண்டும், நேரம் பார்ப்பார்கள். துரை பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். வரும்போது குகதாசன் சேரையும் கூட்டி வந்தார்.

சேர் பதுளையில் ஓர் அரசாங்கப் பணிமனையில் இயந்திரப் பொறியியலாளர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உயரமான ஆள். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை, ஆனால் எஞ்சினைப் பற்றிப் புத்தகத்தில் உள்ளது எல்லாம் தலைக்குள் இருந்தது. மனைவியும் ஒரே மகளும் ஊரில். யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்ததால் கடிதம் போய்ச் சேர மாதக் கணக்கு. அவர் எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு பைல் இருக்கும். அடையாள அட்டை, வேலைக் கடிதம், தங்கியிருக்கும் வீட்டைப் பொலிஸில் பதிந்த துண்டு எல்லாம் அதற்குள். கராஜுக்கு வந்தால் முதலில் அந்தப் பைலை எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத்தான் கையை மடிப்பார்.

ஆறு பக்கம் உள்ள நட்டு

வாகனம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தெரிந்தவர்கள் தாண்டிப் போங்கள்.

எஞ்சினுக்குப் பெற்றோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். இரண்டும் ஒரு கணக்கில் கலந்து உள்ளே போக வேண்டும். அந்தக் கணக்கைப் பார்ப்பது கார்புரேட்டர். பெற்றோல் கூடினால் கறுப்புப் புகை கக்கி எஞ்சின் மந்தமாகும். அது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். பெற்றோல் குறைந்து காற்று கூடினால் எஞ்சின் சூடாகும். முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் உருகும். மோசம் என்னவென்றால், உருகுவதற்குக் கொஞ்சம் முன்புவரை அந்த எஞ்சின் படு சுறுசுறுப்பாகவே தெரியும்.

துரையின் காரில் இருந்த வகைக் கார்புரேட்டரில் இதற்கெல்லாம் ஒரே ஒரு நட்டுத்தான். அடியில் இருக்கும், ஆறு பக்கம் உள்ள சின்னப் பித்தளை நட்டு. அதை மேலே இறுக்கினால் பெற்றோல் குறையும். கீழே இறக்கினால் பெற்றோல் கூடும். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று எண்ணித் திருப்புவோம். சரியா பிழையா என்று பார்க்க பிளக்கைக் கழற்ற வேண்டும். கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் குறைவு. பால் தேத்தண்ணி நிறம் இருந்தால் சாமி கும்பிட்டுவிட்டுப் பூட்டலாம்.

மறுபடி படியுங்கள். இறுக்கினால் குறையும், இறக்கினால் கூடும். என் வாழ்க்கை அந்த ஓர் எழுத்துக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

பண்டாரவளைக் காற்று

எனக்கும் சேருக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சண்டை.

மலைக்கு மேலே காற்று மெலிசு. கொழும்பில் ஒழுங்காக ஓடின கார் பண்டாரவளைக்கு வந்தால் கறுப்பாய்ப் புகைக்கும். காற்று குறைந்ததால் பெற்றோல் கூடிப்போன கணக்கு. இருபது வருடமாக நான் செய்து வந்தது ஒரே வைத்தியம்: மேலே வந்த வண்டியா, இறுக்கு. நுவரெலியாவுக்குப் போகிற வண்டியா, இன்னும் இறுக்கு. கைக்கு அது பழகிவிட்டது. சோறு பிசைகிற மாதிரி.

சேர் சொன்னார், பந்தயம் தொடங்குகிற இடம் பண்டாரவளையைவிட எவ்வளவோ பள்ளத்தில் இருக்கிறது, அங்கே காற்று கனம், இங்கே சரியாக இருக்கிற கலவை அங்கே காற்று கூடியதாகிவிடும், ஆகவே இறக்கித்தான் வைக்க வேண்டும் என்று. நான் சொன்னேன், கார் ஏறப்போவது மேலே, ஏற ஏறக் காற்று மெலியும், எஞ்சின் அடைத்துக்கொள்ளும், ஆகவே இறுக்கித்தான் வைக்க வேண்டும் என்று. துரை நடுவில் நின்று சிரிப்பார். பிளேன்டீ வரும். குடித்துவிட்டு மறுபடி சண்டை போடுவோம்.

சேர் சொன்னதுதான் சரி. அப்போதே எனக்கு அரைவாசி தெரியும். ஆனால் புத்தகத்து மனிதர் ஒருவர் என் கராஜுக்குள் வந்து என் நட்டைப் பற்றி எனக்குச் சொல்வதா என்று ஒரு கடுப்பு.

அவர் ‘றிச்’, ‘லீன்’ என்று இங்கிலீஷில்தான் பேசுவார். பெற்றோல் கூடினது றிச், குறைந்தது லீன். ஒரு நாள் சீண்டுவதற்காகச் சொன்னேன்.

“சேர், இந்த நட்டுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. தோட்டத்து நட்டு. இறுக்கு, எறக்குன்னு தமிழ்ல சொன்னீங்கன்னா அதுவே திரும்பிரும்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்காகத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் மலையகப் பேச்சில் ‘இறக்கு’ கிடையாது, ‘எறக்கு’தான். மூட்டையை எறக்கு, கொழுந்தை எறக்கு. சேர் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். அவர் வாயில் அது ‘இறக்குங்கோ’. எனக்கு ‘இ’ என்று தொடங்கினாலே ‘இறுக்கு’தான். ஆனாலும் கராஜில் ஒருநாளும் பிழை வரவில்லை, ஏனென்றால் சொல்லும்போதே அவருடைய விரல் மேலேயோ கீழேயோ காட்டும். நான் விரலைத்தான் பார்த்தேன். சொல்லைக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

தேயிலைக்கு நடுவே கொண்டைஊசி வளைவுகளோடு ஏறுகிற பாதை. காலையிலேயே சனம் கூடிவிட்டது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் கல்கட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கடலை, ஐஸ்பழம், ஒலிபெருக்கி எல்லாம் திருவிழா மாதிரி. துரையின் அண்ணன் இராணுவத்தில் பெரிய பதவியில் இருந்தவர். அவரும் தம்பியைப் பார்க்க வந்திருந்தார், துவக்கோடு நாலைந்து பேர் சூழ. அவர்களைக் கண்டதும் சேர் தன் பைலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

முதலில் ஒரு பழக்க ஓட்டம். துரை ஏறிவிட்டு வந்து, எஞ்சின் மேல் வேகத்தில் கொஞ்சம் தயங்குகிறது என்றார். சேர் பிளக்கைக் கழற்றச் சொன்னார், கழற்றிக் கொடுத்தேன். அதை வாங்கி வெயில் பக்கம் திரும்பினார். நான் பொனட்டுக்குள் குனிந்தேன்.

அப்போதுதான் அந்தச் சொல். “ரெண்டு பக்கம் இறக்குங்கோ, முத்தையா.”

எனக்கு விழுந்தது “இறுக்குங்கோ.”

அந்த நொடியில் எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம் ஓடியது. பார்த்தாயா, புத்தகம் கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டது என்று ஒரு சின்னச் சந்தோஷம். நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பிளக்கின் நிறத்தை நானும் ஒருமுறை பார்த்திருக்கலாம். வழக்கமாக நட்டைத் திருப்பியதும் கார்புரேட்டருக்குள் இருக்கும் உருளையைக் கொஞ்சம் தூக்கி எஞ்சின் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்பேன். கலவை பிழையென்றால் அதிலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு அதையும் செய்யவில்லை. துரையின் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு கார்புரேட்டரின் நட்டையும் இரண்டு பக்கம் இறுக்கினேன், பிளக்கை வாங்கி நிறம் பார்க்காமலே துடைத்துப் பூட்டினேன், பொனட்டைச் சாத்தி அதன் மேலே தட்டினேன்.

கார் அம்பு மாதிரி கிளம்பியது. அவ்வளவு கூர்மையாக அந்த எஞ்சின் முன்பு ஒருநாளும் பாடியதில்லை. நான் சேரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவர் சிரிக்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிளக் நிறம் மாறுகிற மாதிரி அவர் முகம் வெளுத்தது.

“முத்தையா, நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினனீங்கள்?”

நான் பதில் சொல்வதற்குள் மேலே நாலாவது வளைவில் சத்தம் நின்றது. எஞ்சின் இறுகினால் மினியில் முன் சில்லுகள் இரண்டும் பூட்டிக்கொள்ளும். கார் வளைவில் திரும்பாமல் நேரே போய், கல்கட்டைத் தாண்டித் தேயிலைக்குள் உருண்டது.

துரை உயிர் தப்பினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

‘இருக்கு’

அரை மணித்தியாலத்துக்குள் இது சதி என்று கதை கட்டிவிட்டார்கள். இராணுவ அதிகாரியின் தம்பி. காரைத் தொட்டவர்கள் இரண்டு தமிழர்கள். அதில் ஒருவர் யாழ்ப்பாணம். இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. துரைக்கு நினைவு இருந்திருந்தால் தடுத்திருப்பார். அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டார்கள்.

எங்கள் இரண்டு பேரையும் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் பிரித்து உட்கார வைத்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இப்போது அங்கே இல்லை.

பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு கொன்ஸ்டபிள். சந்தையில் பழகின தமிழ் அவருக்குத் தெரியும். என்னை அடிக்கவில்லை. தேத்தண்ணிகூடக் கொடுத்தார். யார் நட்டைத் திருப்பியது என்று கேட்டார். நான்தான் என்றேன். யார் திருப்பச் சொன்னது என்று கேட்டார். சேர் என்றேன். என்ன சொல்லில் சொன்னார், அதே சொல்லைச் சொல் என்றார்.

“இறுக்குங்கோன்னு சொன்னாருங்க.”

அவர் பேனையை நிறுத்தினார். “இருக்கு? இருக்குன்னா சிங்களத்துல ‘தியெனவா’தானே? அதுல என்ன குத்தம்?”

இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவருடைய காதில் விழுந்தது ‘இருக்கு’. பெற்றோல் இருக்கு, எல்லாம் சரியாக இருக்கு. எந்தப் பாவமும் இல்லாத சொல். அவர் அதைத்தான் எழுதப் போனார். நான் ஆமாங்க என்று தலையாட்டியிருந்தால், சேர் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பார். பைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பதுளை பஸ் ஏறியிருப்பார்.

நான் தலையாட்டவில்லை. என் தொழிலைப் பிழையாக எழுதுகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, இல்லீங்க மாத்தயா, அந்த இருக்கு இல்லை, இது வேறே என்று சொல்லி, ஸ்பேனர் பிடிக்கிற மாதிரிக் கையை வைத்து மேலே திருகிக் காட்டினேன். இறுக்கினால் பெற்றோல் குறையும், பெற்றோல் குறைந்தால் எஞ்சின் உருகும் என்று, கேட்காததையும் சேர்த்து விளக்கினேன். அவர் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் எழுதினார். என் வாழ்க்கையிலேயே ஒரு அரசாங்க மனிதர் நான் சொன்னதை அவ்வளவு கவனமாகக் கேட்டு எழுதியது அதுதான் முதல் தடவை.

எழுதி முடித்துத் தாளைத் திருப்பினார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கையெழுத்துப் போட்டேன்.

என்னை விட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது சேர் உள்பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டரும் போட்டிருந்தார். என்னைப் பார்த்து, பயப்படாதே என்கிற மாதிரிக் கையைக் காட்டினார்.

பிஸ்டனில் ஓட்டை

காரை இழுத்து வந்து என் கராஜின் ஓரத்தில்தான் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு பிரித்தேன். மூன்றாவது பிஸ்டனின் உச்சியில் விரல் நுழைகிற ஓட்டை. நாலு பிளக்கும் எலும்பு மாதிரி வெளுத்திருந்தன.

இரண்டு பக்கம் இறுக்கினதால் மட்டும் இந்த வெளுப்பு வராது. இறுக்குவதற்கு முன்பே இது வெளுத்திருக்கிறது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்த சேர் அதைக் கண்டிருக்கிறார். அந்த நிறத்தைக் கண்ட மனிதர், அதுவும் குகதாசன் சேர், இறுக்கு என்று சொல்லியிருக்க வழியே இல்லை. ஸ்பேனரை வைத்துவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தேன்.

அவரை அதற்குள் வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. துரை ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் எழுதினார், எஞ்சின் என்றால் உடையும்தான், அவர்மீது எனக்குச் சந்தேகம் இல்லை என்று. எழுதி என்ன, தாள் நகர்ந்துவிட்டது. தாளில் என் கையெழுத்து.

நான் போய் மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். போனேன். ஸ்டேஷன் வாசல் தெரிகிற மதகுவரைக்கும் போனேன். எனக்கு அப்போது அடையாள அட்டை கிடையாது. தாத்தா காலத்திலிருந்து இங்கே பிறந்து இங்கே செத்தும், எங்கள் குடும்பத்தின் பிரஜாவுரிமை விண்ணப்பம் ஏதோ ஓர் அலுமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்தது தோட்டத்து ஆபீசில் கொடுத்த ஒரு கடிதம். முதலில் சொன்னது பிழை, நான்தான் காதில் பிழையாக வாங்கினேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி என்னைப் பற்றித்தான் வரும். மதகில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தேன். அப்படி மூன்று முறை.

பிறகு கொழும்பிலிருந்து சேரின் மைத்துனர் ஒருவர் வந்தார். சட்டத்தரணி ஒருவர் கேட்கிறாராம், நான் கேட்டதில் சந்தேகம் உண்டு என்று ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதுமாம். வாசலில் அவர் குரல் கேட்டதும் நான் லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார், வர நாளாகும் என்று என் மனைவி சரசு சொல்லி அனுப்பினாள். அந்த மனிதர் வெயிலில் ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டுப் போனார். சரசு அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

நான் கோழை. இதை வேறு மாதிரி எழுத எத்தனையோ விதமாக முயன்று பார்த்தேன், வரவில்லை. காலம் அப்படி என்று சொல்லலாம். காலம் அப்படித்தான் இருந்தது. அதே காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்காகப் போய் நின்றார்கள்.

கப்பலுக்கு முன்

ஒன்றரை வருடம் கழித்து அவரை விட்டார்கள். வழக்கு என்று ஒன்று கடைசிவரை இல்லை. பிடித்ததற்கும் காரணம் சொல்லவில்லை, விட்டதற்கும் சொல்லவில்லை. வேலை போயிருந்தது.

ஒரு முற்பகல், நல்ல பனி. நான் ஒரு வேனுக்குக் கிளட்ச் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. முன்பல் இரண்டு இல்லை. வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

“முத்தையா, சுகமோ?” என்றார்.

உட்காரச் சொன்னேன். பிளேன்டீ வந்தது. பதுளையில் விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்ததாகவும், திருகோணமலைக்குப் போய் ஊருக்குக் கப்பல் ஏறப்போவதாகவும் சொன்னார். துரை எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பொய்க்கால் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கிறார் என்றேன். கேட்டுக்கொண்டு கோப்பைக்குள் பார்த்தபடி இருந்தார். அவர் எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். திட்ட வந்திருக்கிறார். திட்டட்டும், காலில் விழுந்துவிடலாம் என்று தயாராக நின்றேன்.

அவர் திட்ட வரவில்லை.

“உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். அங்கை நான் கன விதமாச் சொல்லிப்போட்டன். இறக்கெண்டும் சொன்னன், இறுக்கெண்டும் சொன்னன். அவையள் எப்பிடிச் சொல்லச் சொல்லிக் கேட்டவையோ, அப்பிடியெல்லாம் சொன்னன். சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே தெரியேல்லை. பிளக்கின்ரை நிறமும் ஞாபகமில்லை. நீங்கள்தானே பக்கத்திலை நிண்டனீங்கள்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “மகளுக்குப் பதினாலு வயசு. ஏன் பிடிச்சவையெண்டு கேப்பாள். நான் பிழை செய்தனானோ இல்லையோ எண்டு அவளுக்கு ஒரு பதில் சொல்லவேணும். உண்மையா நான் என்ன சொன்னனான், முத்தையா?”

எனக்குத் தெரியும். இந்த உலகத்திலேயே அதைத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மூன்றாவது பிஸ்டனும் அந்த நாலு பிளக்கும் அவருடைய தலைக்கு மேலே ராக்கையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் போதும். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

சொன்னால், ஒன்றரை வருடமாக எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை அந்த முகத்திலிருந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம். பொலிஸும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை.

“இறுக்குன்னுதாங்க சேர் காதுல விழுந்துச்சு.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு அப்படித்தான் விழுந்தது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். அவருடைய தோள் கொஞ்சம் தளர்ந்தது, ஒரு சுமையை எங்கே வைப்பது என்று கடைசியில் தெரிந்துகொண்டவர் மாதிரி.

“அப்ப பிழை என்ரைதான். துரையின்ரை கால் போனதும் என்னாலைதான்,” என்றார். “பரவாயில்லை. இனி மகளுக்குச் சொல்லலாம், அப்பா பிழை விட்டிட்டார் எண்டு.”

எழுந்தார். நான் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். இடது கையை நீட்டி என் எண்ணெய்க் கையைப் பிடித்தார்.

“உண்மையைச் சொன்னதுக்கு நன்றி, முத்தையா,” என்று சொல்லிவிட்டு, பதுளை பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.